கடைசி மூன்று வரிகள்

ஆகஸ்ட் 19, திங்கள்

விமானம் இறங்கியபின் மூன்று மணி நேரக் கார்ப் பயணம். துறைத் தலைவர் மார்வின் ஸ்டாக் தானே வந்து அழைத்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும். வழி நெடுக மக்காச்சோளம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சோளம் எங்க முடியும்?" என்று கேட்டேன்.

"அது முடியாது. நாமதான் நடுவுல ஓர் இடத்துல நின்னுக்கணும்" என்றார்.

நின்ற இடத்தில் 2,140 பேர் இருக்கிறார்கள். ஒரு கல்லூரி, இரண்டு தேவாலயங்கள், ஒரு பெட்ரோல் பங்க். வயல்களுக்கு நடுவே இரும்பில் செய்த பெரிய பெரிய உருளைகள், தலையில் கூம்புக் கூரை. சோளம் சேமிக்கும் குதிர்களாம். மூன்று மாடி உயரம்.

வேலை ஓராண்டுக்கு. பிடித்திருந்தால் மூன்றாண்டு நீட்டிப்பார்கள். அக்டோபரில் மார்வின் என் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதுவார். விசாவும் இந்த வேலையோடு முடிச்சுப் போட்டதுதான்.

ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். இந்த நோட்டில் மட்டும் தமிழ்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

முதல் வகுப்பு. பதினொரு பேர். செவ்வாய் தோறும் மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை.

பலகையில் இரண்டு விதிகள் எழுதினேன். ஒன்று: ஒருவர் கவிதையை மற்றவர்கள் விவாதிக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டு: "இது உண்மையிலேயே நடந்ததா?" என்று யாரும் கேட்கக் கூடாது. கவிதையில் பேசுபவர் வேறு, எழுதியவர் வேறு.

எனக்குக் கற்றுத்தந்தவர்கள் வைத்திருந்த விதிகள்தான். ஆனால் இரண்டாவது விதி எனக்கே தேவைப்பட்டது. கணவனை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணைப் பற்றி நான் எழுதிய கவிதை வெளிவந்தபோது, அக்காவின் மாமியார் வீடு வரைக்கும் கேட்டார்கள்: சுடர்க்கொடி வீட்டில், அதாவது என் வீட்டில், என்ன பிரச்சினை? அக்கா போனில் அழுதாள். இந்த அறையில் யாருக்கும் அப்படி நேராது என்றேன். பதினொரு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

நாற்பது மைல் போனால் பொன்னி அரிசி கிடைக்கிறது. போகவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பயிற்சி: உங்கள் உடம்புக்குத் தெரிந்த ஒரு வேலையை எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக அப்பாவைச் சொன்னேன். நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருடம் போர்மேன். ஒரு பிடி நெல்லை வாயில் போட்டுக் கடித்து ஈரப்பதம் சொல்வார். இயந்திரம் சொல்வதும் அவர் சொல்வதும் அரைப் புள்ளிக்கு மேல் விலகாது. பிள்ளைகள் ரசித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படிக் கடித்துப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்களாம்.

வாழ்நாளில் அப்பா என்னை அடித்தது ஒரே ஒருமுறை. அதுவும் அந்த ஆலையில் வைத்துத்தான். அதை வகுப்பில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆனிக்கா ப்ரூன்ஸ் அறைக்கு வந்தாள். பத்தொன்பது வயது. என் தோளுக்குத்தான் வருவாள். பதினெட்டு மைலுக்கு அப்பால் வீடு, தினமும் வந்து போகிறாள். ஒரு பை நிறையத் தக்காளியை மேசையில் வைத்தாள்.

"அம்மா குடுத்தாங்க. மிஞ்சிப்போனது. வேணாம்னா பன்னிக்குத்தான் போடணும்."

"பன்னிக்கு அடுத்த இடம் எனக்கா?"

"முன்னாடி இடம்" என்றாள். சிரிக்கவில்லை. இவர்களுடைய நகைச்சுவை இப்படித்தான் வருகிறது, முகத்தைத் தொடாமல்.

கவிதையை நீட்டினாள். தலைப்பு 'எடை குறைந்தவள்'. தமிழில் எழுதிப் பார்க்கிறேன்:

அப்பாவின் முழங்காலுக்கு ஏணி மறந்துவிட்டது.
நான் ஏறுகிறேன், உள்ளே இறங்குகிறேன்.
நான் எடை குறைந்தவள், சோளம் என்னைத் தாங்கும்.
கட்டிப்போன இடத்தைக் கம்பியால் குத்துகிறேன்.
சுற்றிலும் மஞ்சள் அறை,
கூரைத் துளையில் வட்டமாக ஒரு வானம்.
கீழே மோட்டார் ஓடுகிறது.
நிறுத்தச் சொல்ல வாய் திறந்தேன்.
தூசிதான் உள்ளே போனது.

"இது எங்க வீட்டுக் குதிர்ல, போன வருஷச் சோளம் ஈரத்துல கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"விளக்காதே, கவிதையே சொல்லட்டும்" என்றேன்.

இந்த வருடத்தின் சிறந்த கவிதை இதுதான். மார்வின் வரும் நாளில் இதையே விவாதத்துக்கு வைக்கப் போகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

நல்ல வகுப்பு. மார்வின் பின்வரிசையில், மடியில் மஞ்சள் தாள்.

ஆனிக்கா தன் கவிதையை வாசித்துவிட்டு விதிப்படி மௌனமானாள். அறை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பதினொரு பேரில் எட்டுப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். நல்ல கவிதைக்கு அப்படி ஓர் அமைதி வருவதுண்டு.

லொவெல் ஹார்ம்ஸ்தான் முதலில் பேசினான். இருபத்திரண்டு வயது, பெரிய உடம்பு, டிராக்டர் பழுது பார்ப்பவன். அவன் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாத் தொண்டனும்கூட. அவளைப் பார்த்தே கேட்டான்.

"ஆனிக்கா, மோட்டாரை அணைக்காமலா உள்ள போற?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "லொவெல், ஆனிக்காகிட்ட பேசக் கூடாது. கவிதையில வர்ற பெண்ணைப் பத்திப் பேசு."

"சரி. கவிதையில வர்ற பொண்ணு மோட்டாரை அணைக்காம உள்ள போறா. சோளம் யாரையும் தாங்காது புரொபசர். மோட்டார் ஓடறப்ப அது சோளம் இல்ல, தண்ணி."

நல்ல உவமை.

"அது வாழ்க்கையைப் பத்தின கருத்து. எனக்கு வரிகளைப் பத்தி ஏதாவது சொல்லு" என்றேன்.

அவன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "வரிகள் நல்லாருக்கு" என்றான்.

அதன்பின் விவாதம் ஓடியது. 'வட்டமாக ஒரு வானம்' எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

மார்வினின் அறிக்கை வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை இங்கே எழுதி வைக்கிறேன்: "ஒரு மாணவர் விவாதத்தைச் சொந்த விஷயத்துக்கு இழுத்தபோது, பேராசிரியர் அதை மென்மையாகவும் உறுதியாகவும் கவிதைக்கே திருப்பிய விதம் முன்மாதிரியானது." மூன்றாண்டு நிச்சயம் என்று அவர் முகமே சொன்னது.

நாற்பது மைல் போய் அரிசி வாங்கி வந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஆனிக்கா திருத்தம் கேட்டு வந்தாள். கடைசி மூன்று வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். வானத்தோடு முடியட்டும். மோட்டார், வாய், தூசி எல்லாம் வாசகரைப் பிடித்துத் தள்ளுகின்றன.

"அந்த மூணு வரிக்காகத்தான் எழுத ஆரம்பிச்சேன்" என்றாள்.

"பல நேரம் அப்படித்தான். எதுக்காக ஆரம்பிச்சோமோ அதைத்தான் கடைசியில வெட்டணும்."

பென்சிலால் மூன்று வரியையும் அடித்தாள். கதவருகே போய் நின்றாள்.

"வேற ஏதாவது?" என்றேன்.

"இல்ல" என்றாள். அடுத்த மாணவி வெளியே காத்திருந்தாள்.

நவம்பர் 4, திங்கள்

முதல் பனி. பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக வாங்கிவிட்டேன். இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கிறது. காலையில் அக்கா கூப்பிட்டாள், அங்கே சாயங்காலம். "எப்படி இருக்கடி? குளுருதா?" "குளுருதுக்கா." "அக்கம் பக்கம், அண்டை அசல், யாரோடயாச்சும் பேசறியா?" "பேசாம என்ன, வகுப்புல ரெண்டரை மணி நேரம் பேசறேன்." "அது பேச்சாடி?" என்றாள்.

நவம்பர் 19, செவ்வாய்

குடும்பங்கள் கூடும் நன்றி நாள் விருந்துக்கு ஆனிக்கா வீட்டுக்கு அழைத்தாள். "கவிதையில வர்ற இடத்தையும் பார்க்கலாம்." கவிதையில் வரும் இடத்தை நேரில் பார்க்கக் கூடாது, ஏமாற்றமாகிவிடும் என்றேன். சிரித்துச் சமாளித்துக்கொண்டாள். உண்மையில் என் இரண்டாம் புத்தகத்தின் பிழைத்திருத்தம் இருக்கிறது. நான்கு நாள் விடுமுறை அதற்குத்தான் சரியாக இருக்கும்.

டிசம்பர் 2, திங்கள்

காலை 9.10. கல்லூரி முதல்வரிடமிருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல். நேற்று மதியம் விவசாய விபத்தில் மாணவி ஆனிக்கா ப்ரூன்ஸ் இறந்துவிட்டாள்.

விவசாய விபத்து என்று மட்டும் போட்டிருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

வகுப்பு நடத்த வேண்டாம் என்று மார்வின் சொன்னார். ஆனாலும் போய் உட்கார்ந்திருந்தேன். ஏழு பேர் வந்தார்கள். மூன்று மணிக்குக் கலைந்தார்கள்.

லொவெல் வரவில்லை.

டிசம்பர் 4, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி. லாரி வந்து நிற்கிறது, குதிரிலிருந்து சோளம் இறங்கவில்லை. இந்த வருடம் ஈரத்தோடு அறுத்துக் கொட்டிய சோளம், உள்ளே பாளமாகக் கட்டியிருக்கிறது. ஆனிக்கா ஏணியில் ஏறி உள்ளே இறங்குகிறாள். அப்பா க்ளென் கீழே. மோட்டார் ஓடுகிறது. கட்டி உடைந்ததும், மோட்டார் இழுக்க, சோளம் அடிப்புறத் துளையை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. அதோடு அவளும். முழங்கால் மூழ்கிவிட்டால் அப்புறம் யாராலும் காலை எடுக்க முடியாது. தலை மூழ்க அரை நிமிடம்கூட ஆகாது. குழாயில் வரும் சோளத்தோடு ஒரு கையுறை வந்து விழுந்த பிறகுதான் க்ளென் மோட்டாரை அணைத்தார்.

இதையெல்லாம் லொவெல் சொன்னான். மதியம் அறைக்கு வந்தான். விரல் முட்டிகளில் வெட்டுக் காயங்கள். அவன் ஊர்த் தீயணைப்புப் படையைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பக்கவாட்டுல நாலு எடத்துல தகட்டை வெட்டினோம். சோளம் கொட்டி முடிய நாப்பது நிமிஷம். கடைசியில நான்தான் தூக்கினேன். ஒண்ணுமே எடை இல்ல."

"அன்னிக்கு நீ சொல்ல வந்தது..." என்றேன்.

"சொல்லிட்டுத்தான இருந்தேன். நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன். அதுல தப்பில்ல. ஆனா வகுப்பு முடிஞ்சு பார்க்கிங்ல அவ எனக்குப் பக்கத்து வண்டி. அங்கயும் நான் சொல்லல புரொபசர். நீங்க நிறுத்தினதுனால, அது என்னமோ சொல்லக்கூடாத விஷயம்னு ஆயிடுச்சு. ட்ரக்குல ஏறிட்டேன்."

"லொவெல்..."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல. நீங்க இந்த ஊர் இல்ல. எங்களுக்குத் தெரியும். எட்டுப் பேருக்குத் தெரியும்."

எழுந்து போய்விட்டான். அவன் உட்கார்ந்த நாற்காலியில் கொஞ்சம் மஞ்சள் தூசி.

டிசம்பர் 5, வியாழன்

ஆனிக்காவின் அம்மா டோரீன் போன் செய்தார். குரல் நிதானமாக இருந்தது. நாளை இறுதிச் சடங்கு, நினைவு அட்டையின் பின்பக்கம் அவள் கவிதை ஒன்றை அச்சடிக்க வேண்டும். "சோளக் குதிர் பத்தி எழுதினதே, அதுதான். உங்ககிட்டதான் கடைசியா எழுதினது இருக்குமாம்."

கணினியில் இரண்டு வடிவமும் இருக்கின்றன. ஒன்றில் மோட்டார் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை. மோட்டார் ஓடுவதை அனுப்பினால், ஊர் முழுக்க வந்திருக்கும் தேவாலயத்தில் ஆளுக்கொரு அட்டை, அதில் மோட்டாரை அணைக்காத அந்த அப்பாவின் குற்றம். நான்கு மணி வரை யோசித்தேன். அச்சகம் ஐந்துக்கு மூடுகிறது.

வானத்தோடு முடிவதை அனுப்பினேன். அந்தக் குடும்பத்துக்காகத்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

மார்வின் காரில் போனோம். வழியில் அந்தக் குதிர் தெரிந்தது. பக்கவாட்டில் நான்கு ஓட்டைகள், தரையில் மஞ்சள் சரிவு, அதன்மேல் பனி. மார்வின் வண்டியை வேகமாக ஓட்டினார்.

தேவாலயத்தில் முந்நூறு பேர். போதகர் என் மாணவியின் கவிதையை வாசித்தார். வட்டமாக ஒரு வானம் என்ற இடத்தில் நிறுத்தி நிமிர்ந்தார். பல பேர் அழுதார்கள். முடிவு மிகப் பொருத்தமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பிறகு கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு, காபி. பாத்திரங்களின் அடியில் அவரவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. க்ளென் ப்ரூன்ஸ் ஊன்றுகோலோடு என்னிடம் வந்தார். உயரமானவர். கையில் அந்த அட்டை.

"நீங்கதான் டீச்சரா?"

"ஆமா."

"உங்களைப் பத்தி நிறையச் சொல்வா. தக்காளி சாப்பிட்டீங்களாமே."

"சாப்பிட்டேன்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல மூணு வரி இல்ல."

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

"எங்க ஃப்ரிட்ஜ் கதவுல அவ ஒட்டினதுல மூணு வரி கூட இருக்கு. மோட்டாரைப் பத்தி. அக்டோபர்லேர்ந்து ஒட்டியிருக்கு. தினம் காலையில அதைப் பார்த்துட்டுதான் பாலை எடுப்பேன்." ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நானும் அது கவிதைன்னுதான் நினைச்சேன்."

பக்கத்தில் ஒரு பெண்மணி காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து நகர்ந்தார்.

"யார் எடுத்தது? அவளா?"

"நான். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்க வழியில்ல. தெரிஞ்சவன் நான். நாப்பது வருஷமா அதுல எறங்கினவன்."

அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

டிசம்பர் 10, செவ்வாய்

கடைசி வகுப்பு. பத்துப் பேரும் வந்தார்கள். பலகையில் எதுவும் எழுதவில்லை. அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்ல முடியுமா என்று லொவெலைக் கேட்டேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"இப்ப எதுக்கு?" என்றான். முரட்டுத்தனமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மூன்றாண்டு ஒப்பந்தக் கடிதம் வந்தது. காரணம் சொல்லும் பத்தியில் அக்டோபர் அறிக்கையின் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: மென்மையாகவும் உறுதியாகவும். மார்வின் அறைக்குப் போய் அதை நீக்கச் சொன்னேன்.

"கோப்புல ஏறிடுச்சு. சுடர், உங்களை நீங்களே வதைச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல" என்றார்.

இதைச் சொல்லும் மூன்றாவது ஆள்.

டிசம்பர் 17, செவ்வாய்

மதிப்பெண்கள் அனுப்பியாயிற்று. ஆனிக்காவின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தை அலுவலகமே மூடிவிட்டது. அரிசி தீர்ந்துவிட்டது.

காலையில் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும், "சோளக் குதிருலயா?" என்றாள்.

"ஆமாக்கா."

"நெல்லுன்னா என்ன, சோளம்னா என்ன, எல்லாம் ஒண்ணுதானேடி. அப்பா உன்னை அறைஞ்சது மறந்துபோச்சா?"

எழுதிவிடுகிறேன்.

பத்து வயது. பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனேன். ஆலை முகப்பில் லாரி நெல்லைக் கொட்டும் பெரிய பள்ளம். அடியில் இயந்திரம் நெல்லை இழுத்துக்கொண்டிருந்தது. மேலே நெல் நடுவை நோக்கிச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தேன். முழங்கால் வரை போயிற்று. அப்பா சடையைப் பிடித்து இழுத்துப் போட்டு, எல்லார் எதிரிலும் கன்னத்தில் அறைந்தார்.

"ஓடற நெல்லு நெல்லு இல்லடி, தண்ணி. தண்ணியிலயாச்சும் நீந்தலாம்" என்றார்.

அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று என் காலுக்குத் தெரியும். என் காலுக்குத் தெரிந்ததை நான் ஒருநாளும் எழுதியதில்லை.

அக்டோபர் 8-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். லொவெல் சொன்னது இருக்கிறது. அதற்குக் கீழே, தனி வரியில், என் கையெழுத்தில், 'நல்ல உவமை.'

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. நாளை க்ளென் ப்ரூன்ஸ் வீட்டுக்குப் போகிறேன். பதினெட்டு மைல். லொவெல் அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறான். அந்த ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால் நின்று, எனக்குத் தெரியும் என்று க்ளெனிடமும் லொவெலிடமும் சொல்ல வேண்டும்.